செவ்வாய்க்கிழமை நோன்பு

14 ஜூலை, திங்கள்
கச்சான் காற்று ஓய்ந்தபாடில்லை. காரைதீவிலிருந்து கல்முனை போய்ச் சேர்வதற்குள் தலை முழுக்க மண். கார்மண்ட் தையல் ஆலைக்குள் அதைவிடப் புழுக்கம். எங்கள் லைன் ஃபேன் பழுதாகி எவ்வளவோ நாள்.

காலையில் ஹஸ்னா மயங்கி மெஷின்மேல் விழுந்தாள். எங்களுக்கெல்லாம் மூத்த சபீனா ராத்தா தன் மெஷினை நிறுத்திவிட்டு எழும்பினா. "ஃபேனத் திருத்தும் வரைக்கும் ஒருத்தரும் தைக்காதீங்க!" எல்லாரும் நிறுத்தினோம். பின்னேரம் ஃபேன் சுற்றியது. ராத்தாவுக்குக் கடிதம் வந்தது. வியாழன் விசாரணை, வேலை போகலாம். துணைக்கு ஒரு ஆளைக் கூட்டி வரலாமாம்.

முன்பென்றால் தொழிற்சங்கத் தலைவர் போவார். அவர் இப்போது கட்டாரில். சங்கம் இருந்த இடத்தில் நலன்புரிக் குழு. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்.

15, செவ்வாய்
சங்கம் விட்டுப்போன சொத்து ஒன்றே ஒன்று: சாப்பாட்டுச் சஹன். பெரிய தட்டு. கொண்டுவந்த சோறு கறியெல்லாம் அதில் கொட்டிச் சுற்றியிருந்து தின்போம். எனக்காக மாட்டிறைச்சி கொண்டுவர மாட்டார்கள்.

இன்று ஆளுக்கொரு மூலை. ராத்தா மட்டும் சஹனுக்கு முன்னால். ஹஸ்னாவைக் கூப்பிட்டா. "நான் நோன்பு ராத்தா." முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செவ்வாயில் என்ன சுன்னத்து நோன்பு? அவர்கள் விரும்பிப் பிடிப்பது திங்களும் வியாழனும்தானே. இத்தனை வருடம் கூடத் தின்ற எனக்கே கதை விடுகிறாள். யாருக்காக ராத்தா வாய் திறந்தா? எரிச்சல் எரிச்சலாக வந்தது. நான் போய் ராத்தாவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"வியாழக்கிழம நீ வாறியா புள்ள?"

"யோசிச்சுச் சொல்றன் ராத்தா."

16, புதன்
தேங்காய். மகனுக்குச் செருப்பு. சவர்க்காரம்.

இவர் சொல்கிறார்: "சங்கமே இல்லாத இடத்தில நீ என்னத்துக்குத் தலையக் குடுக்கிறாய்?" நியாயம்தான். எனக்கும் பயம். ஆனால் சஹனுக்கு முன்னால் அவ தனியே இருந்த இருப்பு மனதை விட்டுப் போகவில்லை. ஃபோன் எடுத்தேன். "வாறன் ராத்தா."

17, வியாழன்
போனேன்.

மனேஜர்: "நீங்க எந்தச் சங்கம்?"

"சங்கம் இல்ல சேர். ஒரு சஹன்ல சாப்பிடுற ஆக்கள்."

ஃபேன் கதை முழுக்கச் சொன்னேன். முடிவு பிறகு சொல்வார்களாம்.

ராத்தாவோடு வெளியே வரும்போது சாப்பாட்டு நேரம் முடியப்போகிறது. சஹன் நிறையச் சோறு. எல்லார் வீட்டுக் கறியும் கிடந்தது. யாரும் இன்னும் கை வைக்கவில்லை, சுற்றி இருந்தார்கள். நடுவில் ஹஸ்னா, கையைக் கட்டிக்கொண்டு.

"இண்டைக்கு மெய்யாவே நோன்பு ராத்தா. நீங்க தின்னுங்க. நான் சும்மா கூட இருக்கிறன்."