பாலிஷ் போட்ட புயல்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? இத்துடன் ஒரு பழைய ஓவியம் அனுப்பியிருக்கிறேன். இடிந்த தூண்கள், பாதி சரிந்த வளைவு, மேலே புயல் திரண்ட கருவானம். பார்த்தாலே நெஞ்சைப் பிசையும். என் கடைக்கு வந்த பல் டாக்டர் அம்மா ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். தூண்களை மட்டும் சுத்தம் செய்து கொடு. வானத்தில் கை வைக்காதே. 'இருநூறு வருஷத்துப் படம், நானே பரிசோதித்தேன்' என்று ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுவிடு. மியூசியத்தில் படம் செப்பனிடுகிறவள் சொன்னால் மறுபேச்சு ஏது?

உன் செல்லத் தம்பி

ஜனவரி 19

அடேய் தம்பி,

கால் வலி இருக்கட்டும், முதலில் படத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் பழைய அழுக்கை எச்சிலால்தான் துடைப்போம், அது உனக்கும் தெரியும். பஞ்சை நாக்கில் நனைத்து ஒரு தூணின் உச்சியில் உருட்டினேன். மேகம் பஞ்சோடு வந்துவிட்டது. அடுத்த பஞ்சை நனைக்கப் போனால் விரலில் ஒரே வீச்சம். பூட்ஸ் பாலிஷ்! உவ்வே! மூன்று முறை கை கழுவியும் போகவில்லை. "கிட்ட வராதம்மா, நாறுது" என்கிறாள் உன் மருமகள்.

இன்னும் கொஞ்சம் துடைத்துப் பார்த்தேன். மேகத்துக்கு அடியில் நல்ல வெயிலடா. இரண்டு தூணுக்கு நடுவில் கயிறு கட்டி ஒருத்தி துணி உலர்த்துகிறாள். அவள் முகத்தின் மேலேயே பாலிஷை அப்பியிருக்கிறாய். உனக்குக் கை கூசவில்லை? கையெழுத்தும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. வந்து எடுத்துக்கொண்டு போ.

அக்கா

ஜனவரி 24

என் அருமை அக்கா,

கோபப்படாதே. அந்த வெயிலோடு படம் மூன்று வருஷம் கடையில் தொங்கியது. ஒரு ஈ காக்கா திரும்பிப் பார்க்கவில்லை. புயலைப் போட்ட மறுவாரமே டாக்டர் அம்மா அதன் முன்னால் நின்று கண் கலங்கினார். நான் என்ன கொலையா செய்துவிட்டேன்?

இன்னொன்று. திட்டாதே. கையெழுத்தை நானே உன் பெயரில் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டேன். படிக்கிற காலத்தில் என் மார்க் அட்டையில் அப்பா கையெழுத்தை நீ போட்டுத் தருவாயே, அந்த மாதிரிதான். படத்தை எடுத்துக்கொள்ள அவரே அங்கே வருகிறார். கேட்டால் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. இல்லாவிட்டால் நான் கம்பி எண்ண வேண்டியதுதான்.

உன் தம்பி

ஜனவரி 29

ஓவியக் கடைக்காரர் அவர்களுக்கு,

டாக்டர் அம்மா நேற்று வந்தார். விஷயத்தைச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, அவர் கண் முன்னாலேயே வானம் முழுவதையும் துடைத்தேன். கறுத்த பஞ்சுக் குவியலைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார்.

"அப்ப இது உங்க கையெழுத்து இல்லையா?"

என்ன நேர்த்தியாகப் போட்டிருக்கிறீர்கள்! கடைசிச் சுழிப்பு வரைக்கும் அச்சு அசல். இந்த வித்தையை வீட்டில் ஆரம்பித்து வைத்தவளே நான்தான் என்று நினைத்தபோது பாலிஷைவிட என்னைக் கண்டே எனக்கு அருவருப்பாக இருந்தது. "என்னுடையதுதான்" என்று தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"இல்லைங்க" என்றேன்.

"யார் போட்டாங்கன்னு தெரியுமா?"

"தெரியும். என் தம்பி."

அந்த வார்த்தையை நான் சொன்னது அதுவே கடைசி.

இப்படிக்கு,
மியூசியத்தில் படம் செப்பனிடுபவர்