நடுத்துண்டு

அக்கா, இன்று மத்தியானம் கெம்போங் மீன் குழம்பில் அன்னாசித் துண்டுகளைப் போட்டேன். அந்த வாசனை எழுந்ததும் கரண்டியை வைத்துவிட்டேன். சிகாமட் பக்கத்துத் தோட்டத்தில் நீங்கள் காய்ச்சலில் போய்விட்டதாகப் போன வாரம்தான் சேதி வந்தது. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முதலில் என்மேல், அப்புறம் இந்தத் தோட்டத்து லயத்தின்மேல், கொஞ்சம் உங்கள்மேலும்.

நாங்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனால் எங்கள் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் பார்த்துக்கொண்டவர் நீங்கள். லயத்து வீடுகளில் மீன் வாங்கினால் நடுத்துண்டு ஆம்பிளைக்கு, தலையும் வாலும் பொம்பிளைக்கு, பிள்ளைக்கு வெறும் குழம்பு. கேட்டால் முள் குத்தும் என்போம். என் மூத்தவனுக்கு அப்போது நாலு வயது. கைகால் குச்சி, வயிறு மட்டும் பானை. மீன் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். உங்களிடம் சொல்லி வருத்தப்பட்டேன்.

"முள்ளுக்குப் பயந்தா எடுக்கச் சொல்லிக் குடுக்கணும் தங்கச்சி. வெறுங்குழம்ப ஊத்தி ஏமாத்தினா எப்படி?" என்றீர்கள்.

பொந்தியான் பக்கமிருந்து சைக்கிளில் வரும் மலாய்க்காரரிடம் இரண்டு கெம்போங் வாங்கி உங்கள் கையில் கொடுத்தது நான். எப்படியாவது அவனைத் தின்ன வையுங்கள் என்று கெஞ்சியதும் நான்தான்.

ஒரு நாள் மழை பிடித்து வெட்டு நின்றுபோய்ச் சீக்கிரம் திரும்பினேன். கொட்டகையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். காரம் குறைத்து, அன்னாசி போட்டு நீங்கள் வைத்த குழம்பு. "முள்ளு எங்க ஒளிஞ்சிருக்கு? புடிங்க பாப்போம்" என்றீர்கள். பிஞ்சு விரல்கள் சோற்றைத் தடவித் தடவித் தேடின. என் பிள்ளை ஏழு முள்ளைத் தட்டு ஓரத்தில் வரிசையாக அடுக்கிவிட்டு, மீதி மீனை வழித்துத் தின்றான். எனக்கு வயிறு குளிர்ந்தது.

அந்த வாரமே அவன் வீட்டில் அப்பா தட்டில் கைவைத்து நடுத்துண்டை எடுத்தான். "எனக்கு முள்ளு எடுக்கத் தெரியும்" என்று பெருமை வேறு. என் வீட்டுக்காரர் அவன் கையில் ஓங்கி ஒன்று வைத்தார். விடிந்ததும் கங்காணியிடம் போய், ஆயா பிள்ளைகளுக்கு நாக்கு வளர்த்துவிடுகிறாள் என்றார். ஒரு பிள்ளை வாயில் போன மீனுக்கு இத்தனை பேர் கூடிப் பஞ்சாயத்து.

"ஏம்மா, ஒன்னைக் கேட்டுத்தான் மீன் குடுத்துச்சா இந்தம்மா?" என்று கங்காணி என்னைக் கேட்டார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று முறைத்தார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். உங்களைப் புல்வெட்டுக்கு மாற்றினார்கள். அடுத்து வந்தவள் பிள்ளைகளுக்குக் கஞ்சியும் உப்பும் ஊற்றினாள், அதற்கு யாரும் பஞ்சாயத்துக் கூட்டவில்லை. இரண்டு மாதத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு சிகாமட் போனீர்கள். ஏன் அக்கா பேசவில்லை? மீன் கொடுத்தவள் இவள்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? நான் வீட்டில் அடி வாங்கக் கூடாதென்றா? அந்தப் பெருந்தன்மையை நான் கேட்டேனா? இத்தனை வருஷமும் அதைச் சுமந்தது நானல்லவா?

இன்று இவர் சாப்பிட உட்கார்ந்தார். நடுத்துண்டை எடுத்து மூன்று வயதுச் சின்னவள் தட்டில் வைத்தேன். வாலை இவர் தட்டில் வைத்தேன்.

"நடுத்துண்டு எங்க?" என்றார்.

"அன்னிக்கு ஆயா கையில மீனக் குடுத்து ஊட்டச் சொன்னது நான்தான்" என்றேன்.

இவர் வாயருகில் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே போட்டார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. இவர் வாலைப் பிட்டுப் பார்த்து, "வாலெல்லாம் முள்ளா இருக்கே" என்று முனகினார்.

"தேடி எடுத்து ஓரமா வைங்க" என்றேன். "நம்ம பையன் நாலு வயசுலயே எடுத்தான்."