பதினெட்டு வினாடி

மார்ச் 4, செவ்வாய்

பதினேழாவது முறை மட்டும் இரும்புத் தகடு ஏன் விழுந்தது? தெரியவில்லை. புதுக் காந்தத்தைக் கிரேனில் மாட்டி நாற்பது முறை தூக்கினோம். முப்பத்தொன்பது முறை அசையாமல் நின்றது. பதினேழில் மட்டும் இடுப்பளவு உயரத்தில் கழன்று மணல் மூட்டைகள் மேல் விழுந்தது. காந்தம் பிடித்திருக்கிறது என்று சொல்லும் பச்சை விளக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

திங்களன்று காந்தம் கப்பல் கட்டும் தளத்துக்குப் போகிறது. சோதனைச் சான்றிதழில் என் கையெழுத்து வேண்டும்.

அண்ணன் சொன்னார்: "நாப்பதுல ஒண்ணுதானே. நீ பரீட்சைப் பேப்பர் திருத்தின காலத்துல இதுக்கு டிஸ்டிங்ஷன் போட்டிருப்ப."

மார்ச் 5, புதன்

எனக்கே மறுபடி சொல்லிப் பார்க்கிறேன். உள்ளே இரண்டு வகைக் காந்தம். ஒன்று என்ன செய்தாலும் திசை மாறாது. இன்னொன்றைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். மின்தேக்கியில் சேர்த்து வைத்த மின்சாரம் ஒரு கணம் சுருளில் பாய்ந்தால் அந்த இரண்டாவது காந்தம் திசை திரும்பும். இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் இழுப்பு வெளியே வரும், தகடு ஒட்டும். எதிரெதிராகப் பார்த்தால் காந்தப் புலம் உள்ளுக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும், வெளியே வெறும் இரும்பு. 'பிடி' என்று ஒரு பொத்தான், 'விடு' என்று ஒரு பொத்தான். அழுத்திய பிறகு மின்சாரமே வேண்டாம்.

"கரண்ட் போனாலும் பிடிச்சத விடாது" என்று சொல்லித்தான் அண்ணன் விற்கிறார்.

பல்கலைக்கழக வேலை போய் ஏழு வருடம். அண்ணன் தன் பட்டறைக்கு மேலே எனக்கு ஓர் அறை கட்டிக் கொடுத்தார். படி பட்டறைக்குள் இறங்குகிறது. சோப்பு வாங்கப் போனாலும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

மடித்த துணிகளை வைக்க மேலே வந்த அண்ணி உட்காரவில்லை. "உங்கண்ணன் ரெண்டு நாளா சரியா சாப்பிடல. ஒரு கையெழுத்துதானே கேக்குறாரு. ஏழு வருஷத்துல வேற எதாவது கேட்டிருக்காரா?"

கேட்டதில்லை. அதுதான் சிக்கல்.

இன்று மேலும் முப்பது முறை தூக்கினோம். ஒன்றுகூட விழவில்லை. காரணம் சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனை நாள் மறுப்பது?

நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். அவ்ளோதான்.

மார்ச் 7, வெள்ளி

அண்ணன் மதியம் நன்றாகச் சாப்பிட்டாராம்.

மார்ச் 8, சனி

படி இறங்கும்போது பார்த்தேன். கிரேன் ஓட்டுபவருக்கு நீளக் கழுத்து, எல்லோருக்கும் அவர் ஒட்டகம். தகட்டின் மேல் காந்தத்தை இறக்கும் முன் 'விடு'வை ஒரு தட்டுத் தட்டினார். இறக்கிய கையோடு 'பிடி'யை அழுத்தினார்.

"அந்தத் தட்டு எதுக்கு?"

"தூசி, டீச்சர். இரும்புத் தூள் ஒட்டியிருந்தா ஒரு தட்டுல உதிர்ந்திடும். பழைய மெஷின்ல பதினஞ்சு வருஷமா இதான் பழக்கம். மூக்கு சிந்திட்டு சாப்பாட்டுக்கு உக்கார்ற மாதிரி."

"சோதனை அன்னிக்கும் தட்டினீங்களா?"

"ஒரே ஒரு தடவ. நீங்க குனிஞ்சு மீட்டரப் பாத்துட்டிருந்தீங்க."

பதினேழு.

ஒவ்வொரு தட்டுக்கும் மின்தேக்கி காலியாகிறது. மறுபடி நிரம்பப் பதினெட்டு வினாடி ஆகும். அதற்குள் 'பிடி'யை அழுத்தினால் இரண்டாவது காந்தம் அரைகுறையாகத்தான் திரும்பும். பாதிப் பிடி. நான் சோதனையில் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் விட்டேன் — வேலை செய்கிற யார் அப்படி விடுவார்கள்? பச்சை விளக்கோ பொத்தானை மட்டும் பார்க்கிறது, காந்தத்தைப் பார்ப்பதில்லை. அதை அப்படி இணைத்தது நான்.

திங்களன்று ஒட்டகமும் லாரியில் போகிறார், அங்குள்ளவர்களுக்குப் பழக்கிக் கொடுக்க. மூக்கு சிந்துவதையும் சேர்த்துத்தான் பழக்குவார். அங்கே தகட்டுக்குக் கீழே ஆட்கள் நடப்பார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணனிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"கையெழுத்துப் போட்டது யாரு? நானா?"

"நான்தான்."

"அப்புறம் என்ன? தட்டாதேன்னு ஒரு போர்டு எழுதி மாட்டிருவோம்."

போர்டாம். ஒட்டகம் என்றைக்கு போர்டைப் படிச்சார்? அண்ணனுக்குப் புரியலையா, புரிஞ்சுதான் பேசுறாரா?

நாளைக்குப் பேச வேண்டியதை ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். 'அனுப்பினால் நான் இந்த வீட்டில் இருக்கமாட்டேன்' என்பது கடைசி வரி. எங்கே போவேன் என்பதை எழுதவில்லை.

மார்ச் 10, திங்கள்

எழுதியதில் ஒரு வரிகூடப் பேசவில்லை.

ஏழரைக்கு லாரி தயாராக நின்றது. சான்றிதழ் உறை ஓட்டுநரிடம் இருந்தது; அது இல்லாமல் தளத்தில் காந்தத்தை இறக்க விடமாட்டார்கள். "ஒரு திருத்தம் இருக்கு" என்றேன். கொடுத்துவிட்டார். பையில் போட்டுக்கொண்டு தெருமுனையில் வந்த முதல் பேருந்தில் ஏறினேன். கடைசி நிறுத்தம்வரை போனேன், அதிலேயே திரும்பினேன், மறுபடி போனேன். மூன்றாவது தடவை நடத்துநர் கேட்டார், "எங்கம்மா இறங்கணும்?" சொல்லத் தெரியவில்லை.

ஐந்து மணிக்குப் பட்டறைக்குள் நுழைந்தேன். லாரி காலியாக நின்றது. காந்தம் கிரேனில் தொங்கியது. தகடு மணல் மூட்டைகள் மேல் கிடந்தது. அண்ணன் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தார்.

ஒட்டகம்தான் முதலில் பேசினார். "பதினோரு தடவ தட்டிப் பாத்தோம், டீச்சர். நாலு விழுந்துச்சு. இனிமே எனக்கு மூக்கே வேணாம்."

அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எத்தன செகண்டு சொன்ன?"

"பதினெட்டு."

"அதுவரைக்கும் பொத்தான் வேலை செய்யாத மாதிரி பண்ண முடியுமா?"

"ரெண்டு நாள் ஆகும். விளக்கையும் மாத்தணும். அது என் தப்பு."

"பண்ணு."

படிக்குப் போகும் வழியில் அண்ணன் நின்றிருந்தார். ஒதுங்கி வழிவிட்டார். உறையை அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.