முடக்கத்தான் தோசை

1974 அக்டோபர், ஞாயிறு இரவு. போடி.

இன்று வேதக்கோயிலில் திருவிருந்து அப்பம் வாங்க முழங்காலிட்டேன். மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொன்ன பிறகு ஓரமாக நின்றேதான் வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயி பேச்சைக் கேட்டு, முடக்கத்தான் கீரையைத் தோசை மாவில் அரைத்து ஊற்றித் தின்கிறேன். சாயங்காலம் நொச்சி இலையை வதக்கி ஒத்தடம். என் வீட்டுக்காரருக்கு எல்லாம் கேலிதான். "தழையத் தின்னா முட்டி சரியாயிருமாக்கும்?"

மடங்கிய முட்டி எழும்ப மறுத்துவிட்டது. பின்னால் சனம் காத்து நின்றது. இவர்தான் குனிந்து என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். படக்கென்று ஒரு சத்தம். என் முட்டி போயிற்று என்றே நினைத்தேன். ஆனாலும் வீடுவரை நன்றாகத்தான் நடந்து வந்தேன்.

பொன்னுத்தாயியிடம் சொன்னேன். "மடங்கிருச்சுல்லக்கா? இனி எந்திரிக்கவும் வந்துரும்," என்றாள்.

பொழுது சாய்ந்து மாவில் கீரையைக் கலக்கும்போது இவர் அடுப்படிக்கு வந்தார். சுவரைப் பார்த்தபடி, "காலையில எனக்கு ரெண்டு ஊத்து," என்றார்.

"எப்பவும் போல வெறும் தோசைதான?"

"இல்ல. உன் தோசை."

விடிந்ததும் பொன்னுத்தாயி வேலியில் இன்னொரு பிடி கூடப் பறிக்க வேண்டும். படக்கென்றது என் முட்டி இல்லை.