நாடா எழும்பிய மூலை

ஜனவரி 21, செவ்வாய்.

லீலண்ட்,

உன் தம்பி வேட் தங்கப்போகும் அறையில் ஜன்னலைத் திறந்துவைத்துக் காரியத்தைக் கெடுத்தாய் என்று காலையில் உன்னைத் திட்டினேன். தப்பு என்னுடையது. நேற்று மாலை சுவர் வேலை வகுப்புக்குக் கிளம்பும்போது ஹீட்டரை அணைத்தது நான்தான். சுவர்ப் பலகைகளின் இணைப்புகளில் பூசிய பட்டி காய்வதற்குள் உறைந்துவிட்டது. மூலையில் இணைப்பை மூட ஒட்டிய காகித நாடா கொப்புளமாக எழும்பி நிற்கிறது.

"என் தம்பி வரக்கூடாதுன்னுதானே இழுத்தடிக்கிற?" என்று கேட்டாய். இல்லையென்று கத்தினேன். அவன் குடியை விட்டு நாற்பது நாள்தான் ஆகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஹீட்டரை மறதியில்தான் அணைத்தேனா என்று பகல் முழுக்க யோசித்தேன். எனக்கே உறுதியாகத் தெரியவில்லை.

இப்போது ஹீட்டர் ஓடுகிறது, அணைக்காதே. ஈரம் வெளியேற ஜன்னல் இரண்டு விரல் திறந்திருக்கட்டும். அதில் நீ செய்ததுதான் சரி. மான்கறி சூப் அடுப்பின்மேல் இருக்கிறது, சூடாக்கிக்கொள்.

கோரின்

விட்டுப்போனது: வேட் போன் செய்தால் சனிக்கிழமையே வரச் சொல். சுவர் முடியாவிட்டால் சோபாவில் படுக்கட்டும். "இதுக்குத்தான் கிளாசுக்குப் போனியா, கோரின்?" என்று கிண்டலடிப்பான். அடிக்கட்டும்.

நாளை: எழும்பிய நாடாவை உரித்துவிட்டுப் புது நாடா ஒட்டி, மெல்லியதாக ஒரே ஒரு பூச்சு.