விரியாத ஐரிஸ்

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணி,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நீங்கள் தோட்டத்திலிருந்து அனுப்பிய ஐரிஸ் பூ ஒன்றுகூட விரியவில்லை. ஓட்டல் வரவேற்பறையில், அத்தனை விருந்தாளிகள் முன்னால், ஜாடி நிறைய சுருங்கிப்போன மொட்டு! நீங்கள் சொன்னபடியே தண்ணீருக்குள் வைத்துத்தான் தண்டு நுனியை நறுக்கினேன். குளிரில்தான் வைத்திருந்தேன்.

"இன்னொரு தடவை இப்படின்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று மேனேஜர் எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். இந்தப் பூ அலங்கார வேலையும் போனால் நான் என்னைக் கட்டின அந்த மனுஷன் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். அவர் கை நீட்டுவது உங்களுக்குத் தெரியாததா?

அண்ணனிடம் சொல்லாதீர்கள், மனசு உடைந்துபோவார்.

உங்கள் வாலு

ஏப்ரல் 9

என் செல்ல வாலுவுக்கு,

படித்ததும் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நிறம் லேசாக எட்டிப் பார்க்கிற மொட்டாகப் பார்த்து, வெயில் ஏறும் முன்னே நானே வெட்டினேன். குளிர் அறையில் வைத்து, பெட்டி கட்டி, பஸ்ஸில் ஏற்றியது உன் அண்ணன். குழந்தையைத் தூக்குவது போலத் தூக்குவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

பக்கத்தில் பழம் ஏதாவது வைத்தாயா? பழுத்த பழத்தோடு அடைத்து வைத்தால் ஐரிஸ் விரியாமலே வாடிவிடும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேனே, ராட்சசி!

உன் அண்ணி

ஏப்ரல் 12

அண்ணி,

பழமா? என் அறையில் ஒரு எலுமிச்சைகூடக் கிடையாது. ஆனால் பெட்டியைத் திறந்ததும் கும்மென்று ஆப்பிள் வாசனை. அண்ணன் எனக்குத் தின்னத்தான் வைத்திருக்கிறார் என்று ஆசையாய் அடிவரை துழாவினேன். பூ மட்டும்தான் இருந்தது.

வருகிற சனிக்கிழமைதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. பயமாக இருக்கிறது.

வாலு

ஏப்ரல் 15

வாலு,

இதை எப்படி எழுதுவேன்! உன் கடிதத்தைப் படித்த கையோடு குளிர் அறைக்கு ஓடினேன். சனிக்கிழமைக்கென்று வெட்டி வைத்த உன் பூ வாளிகளுக்குப் பின்னால், சாக்கு போட்டு மூடி, ஒரு கூடை கனிந்த ஆப்பிள். நம் வீட்டில் ஆப்பிள் வாங்கியே மாதக்கணக்காகிறது.

உன் அண்ணனைக் கேட்டேன். மழுப்பக்கூட இல்லை. "வேலை போனா தன்னால புருஷன் வீட்டுக்குப் போயிடுவா. அவ நல்லதுக்குத்தான் செஞ்சேன்." சொல்லிவிட்டு, "சாப்பாடு ஆச்சா?" என்கிறார்! இந்த மனுஷன் பக்கத்திலா இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன்?

அந்தப் பூவையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் புதிதாக வெட்டி, வாளியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நானே பஸ்ஸில் வருகிறேன். துணிமணியும் எடுத்து வருகிறேன். உன் அறையில் இன்னொருத்தி படுக்க இடம் இருக்குமா? தரை போதும்.

அவர் மூலமாக வந்த உறவு எனக்கு இனி வேண்டாம். அண்ணி என்று கூப்பிடாதே.

அக்கா