உன் மகனின் மனுவில் என் கைநாட்டு

என்னைப் பெறாமல் வளர்த்த அக்காளுக்கு,

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருசம் ஆகப்போகிறது. அங்கே நீ நிம்மதியாக இருப்பாய். இங்கே உன் மகனோடு நான் மாரடித்துக்கொண்டிருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மகள், உன் மருமகள். தன் புருசன் ராசுவைத் திட்டுகிற இடங்களில் மட்டும் அவள் பேனா கொஞ்சம் வேகமாக ஓடுகிறது.

விசயம் இதுதான். இத்தனை வருசம் பார்த்த எஞ்சினியர் வேலையை உன் மகன் எழுதிக் கொடுத்துவிட்டு எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்கிறான். எந்தக் கட்சி கூப்பிட்டது என்று கேட்காதே. சுயேச்சை. "குழாய் போடுதேன், தொட்டி கட்டுதேன், தண்ணி மட்டும் வர மாட்டேங்கு. எங்க வச்சு முடிவு பண்ணுதாவளோ அங்கனயே போய்ப் பேசுதேன் மாமா" என்கிறான். பேசத் தெரிந்தவன் போகலாம். இவன்?

போன வாரம் பசுவந்தனைப் பக்கம் ஒரு ஊருக்குப் போனோம். பெண்கள் குடத்தோடு வந்து வேனை மறித்தார்கள். "எங்க தெருவுக்குக் குழாய் எப்பம்யா வரும்?" என்று ஒருத்தி கேட்டாள். இவன் இறங்கி, ஒரு குச்சியை எடுத்துக் கரிசல் மண்ணில் படம் போட ஆரம்பித்துவிட்டான்.

"தொட்டிய விட உங்க தெரு மேடு. இப்பம் குழாய் போட்டா காத்துதான் வரும். புதுத் தொட்டி கட்டணும். நான் ஜெயிச்சாலும் ரெண்டு வருசம் ஆகும்."

"நேத்து வந்த அண்ணாச்சி ஒரே மாசம்னாவளே!"

"அவிய பொய் சொல்லுதாவ."

"நீரும் ஒரு பொய் சொல்லிட்டுப் போமய்யா, கேக்கவாவது நல்லாருக்கும்!"

அவ்வளவு பேரும் சிரித்தார்கள். வேனில் ஏறியதும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏலே, 'பாப்போம்'னு ஒரு வார்த்த சொன்னா நாக்கு தேஞ்சா போவும்?"

"பாத்துட்டேன் மாமா. அதான் வராதுன்னு சொல்லுதேன்."

எல்லாம் நீ வளர்த்த வளர்ப்பு. பொய் சொன்னால் வாயில் சூடு போடுவேன் என்று மிரட்டினாயே, கொஞ்சம் குறைத்து மிரட்டியிருக்கக் கூடாதா?

நேற்று மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள். சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டுமாம். காது குத்தியது தாய்மாமன் மடியில், இதிலும் முதல் ஆள் தாய்மாமன்தான் என்று ஒற்றைக்காலில் நின்றான். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே கையெழுத்துப் போடலாம். கைநாட்டு வைக்கிறவன் மட்டும் அதிகாரி முன்னால் போய் வைக்க வேண்டும். நான் வரமாட்டேன் என்றுவிட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியாதா? அத்தான் இறந்த பிறகு உன் விதவைப் பென்சன் காகிதத்துக்காக ஓர் ஆபீசில் காலையிலிருந்து நின்றோமே. கைநாட்டு வைத்துவிட்டு மை துடைக்கத் துணி கேட்டேன். "தலையில தடவிக்கோ, உள்ளதான் ஒண்ணும் இல்லையே" என்றான் அந்தக் குமாஸ்தா. கூட்டமே சிரித்தது. அவன் மேசையில் கிடந்த பாதி கடித்த வடைகூட இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கு விட்டதுதான் சர்க்கார் ஆபீசு வாசல்.

உன் மகன் என்ன செய்தான் தெரியுமா? ஒன்பது கையெழுத்து வாங்கி, முதல் கட்டத்தைக் காலியாக விட்டுக் கோவில்பட்டியில் போய் உட்கார்ந்துவிட்டான். மூன்று மணியோடு கதவைச் சாத்திவிடுவார்கள். ஒரு மணிக்கு டீக்கடைப் போனில் என் மகள் அழாத குறையாகக் கத்தினாள். "யப்பா, பத்தாவது ஆளா நான் கையெழுத்துப் போடுதேன்னாலும் அவிய கேக்க மாட்டேங்காவ. நீங்க வாரீயளா இல்லையா?"

ஆடுகளைப் பக்கத்துப் புஞ்சைக்காரரிடம் விட்டுவிட்டுப் புழுதிக் காலோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவனைத் திட்டினேன். கண்டக்டர் என்னைத் திட்டினார். போய்ச் சேர்ந்தபோது மூன்று மணிக்குப் பத்து நிமிசம். வாசலில் நின்ற உன் மகன், "சாப்பிட்டீயளா மாமா?" என்கிறான். எரியுமா எரியாதா?

உள்ளே அதிகாரி பெயர் கேட்டார், ஊர் கேட்டார். "வேட்பாளர் உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். சொல்ல நிறைய இருந்தது. "அக்கா மகன்" என்று மட்டும் சொல்லிப் பெருவிரலை வைத்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "நான் வரலன்னா என்னலே செஞ்சிருப்ப?"

"மனு குடுத்திருக்க மாட்டேன்."

"இந்த ஒத்த விரலுக்காவா?"

"உங்களயே ஒரு ஆபீசுக்குள்ள கூட்டிட்டுப் போக முடியலன்னா, நான் சட்டசபைக்குள்ள போயி என்ன செய்யப் போறேன் மாமா?"

இந்தக் கேள்வியை உன்னிடம் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்?

இன்று காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் வருகிறார்கள். "வாபஸ் வாங்கச் சொல்லுங்க அண்ணாச்சி, நீங்க சொன்னாக் கேப்பான்." என்றைக்கு அக்கா அவன் நான் சொல்லிக் கேட்டிருக்கிறான்? தோற்பான். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் கணக்குத் தெரியும்.

ஆனாலும் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வாபஸ் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வராது. இனி எந்த ஆபீசானாலும், எந்த நேரமானாலும், அவன் கூப்பிட்டால் போவேன். திட்டாமல் போவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே.

உன் தம்பியும் சம்பந்தியும்,
உன் மகனை முதலில் முன்மொழிந்தவனுமான
வேலு